விற்காத காரின் கோடு

போன இதழில் களிமண்ணில் காரின் உருவத்தைச் செதுக்கும் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: கண்காட்சி மேடையில் சுழன்றுவிட்டுக் காணாமல் போகிற கான்செப்ட் கார்கள். அதனால் இந்த முறை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கோவை கணபதியில் பதினான்கு வருடம் மரப் பேட்டர்ன் செய்தவன் நான். அப்புறம் சென்னையில் ஒரு கார் வடிவமைப்புக் கூடத்தில் பத்தொன்பது வருடம் களிமண் மாடலர் வேலை. கையால் தடவிப் பழகியவன் சொல்லும் பதில்கள் இவை.

விற்கப் போவதில்லை என்று தெரிந்தே இவ்வளவு செலவு செய்து எதற்கு ஒரு காரைச் செய்கிறார்கள்? வீண் இல்லையா சார்?
— ப்ளஸ் டூ மாணவர், தென்காசி

தம்பி, நான் முதலில் செய்த வேலையை வைத்தே சொல்கிறேன். கோவையில் தண்ணீர் பம்ப் வார்க்க வேண்டும் என்றால் முதலில் தேக்கிலோ வேறு நல்ல மரத்திலோ பம்ப்பின் உருவத்தைச் செய்வோம். அதுதான் பேட்டர்ன். அதை மணலில் புதைத்து, கெட்டித்து, மெதுவாக வெளியே எடுத்துவிடுவார்கள். மணலில் அதன் வடிவத்தில் ஒரு குழி நிற்கும். அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றினால் பம்ப். மரப் பேட்டர்னை வாங்கிக் கிணற்றில் யாரும் மாட்டுவதில்லை. அதற்காக அது வீண் என்று எந்த ஃபவுண்டரியிலும் சொல்ல மாட்டார்கள். கான்செப்ட் காரை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் அமெரிக்காவின் ஹார்லி எர்ல். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர். 1938-ல் அவர் ப்யூக் ஒய்-ஜாப் என்று ஒரே ஒரு வண்டி செய்தார். ஹெட்லைட் மூடிக்குள் ஒளிந்துகொள்ளும், ஜன்னல் மின்சாரத்தில் இறங்கும், கதவுக் கைப்பிடி உடம்போடு ஒட்டிப் படிந்திருக்கும், ஏறுவதற்கு வெளியே மிதிபலகை கிடையாது. அந்தக் காலத்துக் கார்களோடு நிறுத்தினால் தாழ்ந்தும் நீண்டும் தெரியும். அதை எர்ல் கண்ணாடிக் கூண்டில் பூட்டி வைக்கவில்லை. பல வருடம் தானே சாலையில் ஓட்டிக்கொண்டு திரிந்தார். முன்பக்கத்தில் அருவி இறங்குவது போல நெட்டுக்குத்தாக நின்ற கம்பிகளைப் பின்னால் வந்த ப்யூக் கார்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வண்டி ஒன்றுதான். அது விட்டுப்போன அச்சு நிறைய.

காரை முழு அளவில் களிமண்ணில் செய்து பார்ப்பதைப் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் எர்ல்தான். அந்த வகையில் என் சோற்றுக்கு வழி செய்த மனிதர்.

நான் முப்பது வருடமாக டிங்கர் வேலை பார்க்கிறேன். அம்பாசடர் காலத்து வண்டிகள் உருண்டையாக இருந்தன. அப்புறம் வந்தவை எல்லாம் கத்தி மாதிரி விளிம்போடு வந்தன. யார் இதைத் தொடங்கியது? ஏன்?
— டிங்கர், சிங்காநல்லூர்

உங்களைப் போன்ற ஒருவர் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். தகட்டைத் தட்டிப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

தொடங்கிய வண்டி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் ஆல்ஃபா ரோமியோ கராபோவைக் காட்டுவேன். 1968 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து பெர்டோனே பட்டறையில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்தது. அதற்கு முன்பு, 1966-ல், இதே காந்தினிதான் லம்போர்கினி மியூராவுக்கும் உருவம் கொடுத்தார். மியூரா அழகு, முழுக்க வளைவு. ஆனால் வேகம் ஏற ஏற அதன் மூக்கு மேலே தூக்கும். முன் சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டியரிங்கில் பிடிப்பு இருக்காது, அது ஆபத்து. காற்று மூக்குக்கு அடியில் நுழையாமல் மேலே வழுக்கிப் போக வேண்டும் என்றால் என்ன செய்வது? மூக்கைத் தரையோடு சேர்த்துத் தாழ்த்தி, அங்கிருந்து கண்ணாடியின் உச்சி வரை கிட்டத்தட்ட ஒரே சரிவாக இழுத்துவிட்டார் காந்தினி. மரம் பிளக்க அடிக்கிறோமே ஆப்பு, அந்த வடிவம்.

ஆல்ஃபா 33 பந்தயக் காரிலிருந்து வந்த அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்த அந்த வண்டியின் மொத்த உயரம் ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் இடுப்புக்கு வரும். பளபளக்கும் பச்சை நிறம், விளிம்புகளில் ஆரஞ்சு. பெயரே ஒரு வண்டினத்தின் பெயர். கதவு பக்கவாட்டில் திறக்காமல் முன்பக்கம் நோக்கி மேலே எழும்பும். மூன்று வருடம் கழித்து, 1971 மார்ச்சில், ஜெனிவாவில் காந்தினியின் லம்போர்கினி கௌன்டாஷ் கான்செப்ட் மஞ்சள் நிறத்தில் நின்றபோது அதே ஆப்பும் இருந்தது, அதே கதவும் இருந்தது. அந்தக் கதவுக்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. கௌன்டாஷில் பின்னால் பார்ப்பது மிகவும் கஷ்டம். கதவை மேலே தூக்கிவிட்டு, அகலமான பக்கச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டித்தான் ரிவர்ஸ் எடுப்பார்கள்.

இது சில நூறு பேர் வாங்கும் வண்டியின் கதை. ஊர் முழுக்க ஓடும் வண்டிக்கு அந்த விளிம்பு எப்படி வந்தது? அங்கே இன்னொருவர் வருகிறார். ஜியார்ஜெட்டோ ஜூஜாரோ. அவரும் பெர்டோனேவில் இருந்தவர். 1965-ல் அவர் வெளியேறிய இடத்துக்குத்தான் காந்தினி வந்தார். இரண்டு பேரும் பிறந்தது 1938 ஆகஸ்ட் மாதத்தில். ஒய்-ஜாப் உருவான அதே வருடம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஜூஜாரோ 1968-ல் இடல்டிசைன் என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, மடித்த காகிதம் போன்ற உருவத்தை அன்றாடக் கார்களுக்குக் கொண்டுபோனார். 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அவர் வடிவமைத்ததுதான். அப்புறம் ஃபியட் பாண்டா, ஃபியட் ஊனோ. ஊனோ நம் ஊரிலும் கொஞ்ச காலம் விற்றது. உங்கள் பட்டறைக்கும் வந்திருக்கும்.

ஏன் பிடித்தது என்பதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தபால் அட்டையை ஒரு முனையில் மட்டும் பிடித்தால் மறுமுனை தொங்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு போட்டுப் பிடித்தால் விறைத்து நிற்கும். தகடும் அப்படித்தான். ஒரு நேர்மடிப்பு, தகட்டின் கனத்தைக் கூட்டாமலே அதற்கு விறைப்பைக் கொடுத்துவிடும். தட்டையான பரப்பும் நேரான கண்ணாடியும் அச்சில் அடிக்கவும் சுலபம். அழகு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம், இரண்டும் ஒரே திசையில் இழுத்தன. அந்தக் காற்று எல்லா நாட்டுக்கும் வீசியது. நம் ஊர் மாருதி 800-ஐ அம்பாசடர் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அது கராபோவைப் பார்த்துச் செய்தது என்று சொல்ல மாட்டேன். அது பிறந்த காலத்தின் கண்ணே மடிப்புக்குப் பழகியிருந்தது என்று மட்டும் சொல்வேன்.

நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையத்தில் ஹூண்டாய் அயோனிக் 5 கார் ஒன்றைப் பார்த்தேன். பெட்டி மாதிரி, பழைய வண்டி மாதிரி இருக்கிறது, ஆனால் பழசாகவும் தெரியவில்லை. 1974-ல் செய்த ஒரு கான்செப்ட் காரைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்கிறான் என் மகன். 1974-ல் கொரியாவில் ஏது கான்செப்ட் கார்? அவன் சொல்வது நிஜமா?
— சரக்கு வேன் உரிமையாளர், ராணிப்பேட்டை

நிஜம்தான். ஒரே ஒரு திருத்தம்: அன்று மேடையில் நின்றவை இரண்டு.

அதுவரை ஹூண்டாய் சொந்தமாகக் கார் வடிவமைத்ததில்லை. ஃபோர்டு கார்ட்டினாவை உதிரியாக வாங்கிப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம். சொந்தக் கார் வேண்டும் என்று முடிவெடுத்ததும் நேரே டூரினுக்குப் போய் ஜூஜாரோவைக் கேட்டார்கள். பொறியியல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்தின் ஆஸ்டின் மோரிஸில் பெரிய பொறுப்பில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல்லைக் கூட்டிவந்தார்கள். என்ஜின் ஜப்பானின் மிட்சுபிஷியிடம். இப்படிச் சேர்ந்த வண்டிதான் போனி. 1974 இலையுதிர் காலத்தில் டூரின் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தபோது பக்கத்தில் இன்னொன்றையும் நிறுத்தினார்கள். அது போனி கூபே, அதாவது இரண்டு கதவு வண்டி, கான்செப்ட்.

போனி 1976-ல் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் கடல் தாண்டி எக்வடோர் நாட்டுக்கும் போனது. கூபே வரவே இல்லை. விற்பனைக்குக் கொண்டுவர முயற்சி நடந்து, காலம் கூடிவராமல் 1981-ல் கைவிட்டார்கள். பின்னால் அந்த ஒற்றை வண்டியும் காணாமல் போனது.

அந்தக் கூபேயின் படங்களை நான் பெரிதாக அச்சிட்டு என் வேலை மேசைக்கு மேலே வருடக்கணக்கில் ஒட்டி வைத்திருந்தேன். சின்ன வண்டி. ஆப்பு போல இறங்கும் மூக்கு, அதில் வட்ட விளக்குகள். உடம்பு முழுக்க அளவுகோல் வைத்துக் கீறியது போல நேர்கோடுகள். எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது கதவுக்குப் பின்னால் உள்ள தூண். மற்ற கார்களில் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒல்லியாக்கவோ கறுப்படித்து மறைக்கவோ பார்ப்பார்கள். இங்கே ஜூஜாரோ அதை அகலமாக, சாய்வாக, வெளிப்படையாக நிற்கவிட்டார். முன்பக்கத்துக் கண்ணாடியையும் பின்பக்கத்துக் கண்ணாடியையும் பிரிக்கும் அந்த ஒரு பட்டைதான் வண்டிக்கு முகத்தைவிட முக்கியமான அடையாளம்.

இந்த வண்டியின் சாயல் முதலில் வெளியே வந்தது கொரியாவில் இல்லை. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டை ஒட்டிய டன்மரியில். அங்கே 1981-லிருந்து ஏறத்தாழ ஒன்பதாயிரம் டெலோரியன் கார்கள் செய்தார்கள். பெயின்ட் அடிக்காத, துலக்கிய எவர்சில்வர் உடம்பு, பறவை இறக்கை போல மேலே திறக்கும் கதவு. அதையும் வடிவமைத்தவர் ஜூஜாரோதான். படத்தை அருகருகே வைத்தால் தட்டை மூக்கிலும் நேர் இடுப்புக்கோட்டிலும் உறவு தெரியும். அதனால் டெலோரியனைக் கூபேயின் பிள்ளை என்பதைவிடத் தம்பி என்பதுதான் பொருத்தம். ஒரே கை இரண்டு முறை யோசித்தது.

அப்புறம் ஹூண்டாய் வேறு பாதையில் போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-ல் வந்த சான்ட்ரோவை நினைத்துக்கொள்ளுங்கள்: உயரம், உருண்டை, மடிப்பே இல்லை. போனியின் கோடு பல வருடம் தூங்கியது.

2019 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஹூண்டாய் ஒரு மின்சாரக் கான்செப்ட்டை வைத்து அதற்கு 45 என்று பெயரிட்டது. 1974-லிருந்து நாற்பத்தைந்து வருடம். அதன் முன்னும் பின்னும் சரிந்த கோணமும் 45 பாகை. அதுதான் 2021-ல் அயோனிக் 5 ஆக விற்பனைக்கு வந்தது. 2022-ன் உலகக் கார் விருதையும் உலகக் கார் வடிவமைப்பு விருதையும் சேர்த்து வாங்கியது. 2023 ஜனவரியில் இந்தியாவில் விலை அறிவித்தார்கள். நம் ஊருக்கான வண்டிகளை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் பூட்டுகிறார்கள். நீங்கள் பார்த்த வண்டி உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பூட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்தக் காரைப் பார்த்தால் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நில்லுங்கள். கதவுகளின் மேல் ஒரு மடிப்பு குறுக்கே சாய்வாக வெட்டி இறங்கும். வெயில் சாயும் நேரமாக இருந்தால் அதற்கு மேலே வெளிச்சம், கீழே நிழல் என்று இரண்டாகப் பிரிந்து தெரியும். களிமண்ணில் அப்படி ஒரு மடிப்பை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கறுப்பு டேப்பை ஒட்டிக் கோட்டைப் பிடித்து, சுரண்டி, கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி சுரண்டி, மேலே பளபளக்கும் ஃபிலிமைப் போர்த்தி வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் வெளிச்சம் நெளிந்துவிடும். பின்பக்கம் வெட்டிவிட்டது போல முடிவதையும் பாருங்கள். அது போனியிடமிருந்து வந்தது.

எதை எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கூபேயின் வட்ட விளக்கு அயோனிக் 5-ல் இல்லை. அதற்குப் பதில் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள், கம்ப்யூட்டர் திரையைக் கிட்டத்தில் பார்த்தது போல. அளவும் அதே இல்லை. பழைய போனியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.34 மீட்டர். அயோனிக் 5-ல் அது முழுதாக மூன்று மீட்டர். அடியில் பேட்டரி படுக்க வேண்டும் என்பதால் சக்கரங்களை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால்தான் உங்கள் கண்ணுக்குப் பழசு போலவும் தெரிந்தது, பழசில்லை என்றும் தோன்றியது. உருவத்தை நகல் எடுக்காமல், நேர்கோட்டின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதனால்தான் இந்த வண்டி இவ்வளவு பிடிக்கிறது.

அப்படியே எடுத்த வண்டியும் ஒன்று உண்டு. 2022 ஜூலையில் ஹூண்டாய் காட்டிய ‘என் விஷன் 74’ (N Vision 74). ஹைட்ரஜனிலும் பேட்டரியிலும் ஓடும் கான்செப்ட். கூபேயின் அந்த அகலத் தூண் அதில் நேராக வந்து நிற்கிறது. பெயரில் உள்ள 74 எந்த வருடம் என்று உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணாமல் போன கூபேயையும் விடவில்லை. ஜூஜாரோவையே அழைத்து, அவரும் அவர் மகனும் சேர்ந்து அந்த வண்டியைத் திரும்பச் செய்தார்கள். 2023 மே மாதம் இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில் அதைத் திரை விலக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 84. முப்பத்தாறு வயதில் மேடை ஏற்றிய வண்டியை அந்த வயதில் மறுபடி செய்து நிறுத்துவது என்றால்! அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்காட்சியில் காட்டுவது ஒன்று, ஷோரூமில் தருவது ஒன்று. ராட்சதச் சக்கரம், பட்டை போல் ஒல்லிக் கண்ணாடி, தரையைத் தொடும் உடம்பு என்று காட்டிவிட்டு, கடைசியில் சாதா வண்டியை நீட்டுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?
— பனியன் தொழில் செய்பவர், திருப்பூர்

உங்கள் வருத்தம் எனக்கும் இருந்திருக்கிறது. ஆனால் ஏமாற்று என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட மாட்டேன்.

பேட்டர்ன் வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுருங்கும். அதனால் பேட்டர்னை வேண்டிய அளவைவிட அடிக்கு ஒரு நூல் பெரிதாகச் செய்ய வேண்டும். சரியான அளவில் செய்தால் வார்ப்பு சின்னதாகிவிடும். கான்செப்ட் காரின் மிகையையும் நான் அந்தச் சுருக்கக் கணக்கில்தான் வைக்கிறேன். ஆலைக்குள் நுழைந்ததும் அது சுருங்கும் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியும். தைரியமாகப் பெரிதாக வரைந்தால்தான், சுருங்கிய பிறகும் ஏதாவது மிஞ்சும்.

எது சுருக்குகிறது என்று கேட்டால் கௌன்டாஷையே பாருங்கள். 1971 கான்செப்ட்டின் பக்கவாட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தது! ஓட்டிப் பார்த்தபோது என்ஜின் கொதித்தது. காற்று போதவில்லை. 1974-ல் விற்பனைக்கு வந்த வண்டியில் தோளுக்கு மேல் பெட்டி போலக் காற்றுவாய்கள் முளைத்திருந்தன, கதவை ஒட்டியும் பெரிய பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்த மஞ்சள் கான்செப்ட்டை அதே வருடம் இங்கிலாந்தில் மோதல் சோதனையில் மோதவிட்டு நொறுக்கிவிட்டார்கள். அந்தக் காற்றுவாய்கள் பின்னால் கௌன்டாஷின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அந்த வண்டி 1990 வரை விற்றது.

இன்றைக்கு மூக்கைத் தாழ்த்த விடாமல் தடுப்பது நடந்து போகிறவரின் தலை. மோதினால் தலை பானெட்டில் விழும். பானெட் தகட்டுக்கும் அடியில் உள்ள கெட்டியான என்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் தகடு அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்னக் காரின் பானெட்டை மூன்று மாதம் செதுக்கினோம். முடிகிற வாரத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் ஏற்றச் சொன்னார்கள். அடுப்பில் சூடாக்கிய களிமண்ணை மறுபடி அப்பியபோது எனக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் காரணத்தைக் கேட்ட பிறகு மறுத்துப் பேச என்ன இருக்கிறது? ரோட்டைக் கடக்கிற ஒரு பிள்ளையின் தலைக்கு அந்த இருபத்திரண்டு மில்லி வேண்டும். சக்கரமும் அப்படித்தான். நம் ஊர்க் குழியில் இறங்கி ஏற டயருக்குச் சதை வேண்டும், சக்கரம் மேலே எழும்ப மட்கார்டுக்குள் இடம் வேண்டும்.

நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, உள்ளே வெறும் நுரையை அடைத்து, ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் மேடை ஏற்றும் வண்டிகள். அவற்றை எனக்குப் பிடிக்காது. பழைய டூரின்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. 1970-ல் பெர்டோனே காட்டிய ஸ்ட்ராடோஸ் ஸீரோவின் உயரம் வெறும் 84 சென்டிமீட்டர். முன் கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே ஏற வேண்டும். ஆனாலும் அது ஓடியது. பட்டறையின் முதலாளி நூச்சோ பெர்டோனே அதை லான்சியா என்ற இத்தாலியக் கார் நிறுவனத்துக்குத் தானே ஓட்டிப் போய், வாசலில் இறக்கி வைத்திருந்த தடுப்புக் கம்பிக்கு அடியிலேயே நுழைந்துவிட்டார் என்பார்கள். அந்தச் சந்திப்பு வழிவிட்ட ஸ்ட்ராடோஸ் பந்தயக் கார், உலக ராலி பட்டத்தை 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது.

என்னிடம் மாடிஸ் கார் பல வருடம் இருந்தது. சின்னதாக, சிரித்த முகத்தோடு இருக்கும். அது வேறு கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய கார் என்று ஒருவர் சொன்னார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரை

கஷ்டப்படாதீர்கள் அம்மா. அந்தக் கதை உங்கள் வண்டிக்குப் பெருமைதான்.

1993-ல் இடல்டிசைன் லூச்சியோலா என்று ஒரு குட்டிக் கான்செப்ட் செய்தது. ஃபியட் சின்குவெசென்டோ என்ற சின்னக் காரின் அடிப்பாகத்தின் மேல், அடுத்து வரப்போகும் ஃபியட்டுக்கான யோசனையாக. இங்கேயும் ஜூஜாரோதான். மடிப்பின் ராஜாவாக இருந்தவர் இதில் உருண்டைக்கு மாறிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். வட்ட விளக்கு, குட்டை மூக்கு, உயர்ந்த கூரை. ஃபியட் எடுத்துக்கொள்ளவில்லை. கொரியாவின் டேவூ எடுத்துக்கொண்டு 1998-ல் மாடிஸாக விற்றது. உங்கள் வண்டி அப்படி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. டேவூ இங்கே கடையைக் கட்டிய பிறகும் அந்த முகம் போகவில்லை. மாடிஸின் அடுத்த தலைமுறைதான் 2007-ல் இந்தியாவில் செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் திரும்பி வந்தது. ஒருவர் மறுத்த ஓவியத்தை இரண்டு பெயரில் நம் ஊர் ஏற்றுக்கொண்டது. நீங்கள் அதில் முன்னால் நின்றவர்.

உங்களுக்கு மிகவும் பிடித்த கான்செப்ட் கார்? ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்.
— கல்லூரி மாணவர்கள் நால்வர், திருச்சி

லான்சியா மெகாகம்மா. 1978, டூரின், மறுபடி ஜூஜாரோ. கராபோவைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.

மெகாகம்மாவில் பார்த்தவுடன் வாய் பிளக்க ஒன்றும் இல்லை. நீளம் சுமார் 4.3 மீட்டர், உயரம் 1.6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தாழ்ந்த கார்தான் அழகு என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அவர் கூரையைத் தூக்கி, இருக்கையையும் தூக்கி, தரையைச் சமமாக்கி, உட்காருபவரை நிமிர்ந்து உட்காரவிட்டார். நிறுவனம் தயாரிக்கவில்லை. ஆனால் பின்னால் நிஸ்ஸான் ப்ரேரி, ரெனோ எஸ்பாஸ் என்று வந்த உயரக் குடும்பக் கார்களுக்கெல்லாம் முன்னோடி என்று அதைத்தான் காட்டுவார்கள். என் அம்மாவுக்கு மூட்டுவலி. பத்மினி டாக்சியில் ஏறும்போது நான் தலையைப் பிடித்து அமுக்கி, காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். பிற்பாடு உயரமான கார் ஒன்றில் அம்மா யார் கையையும் பிடிக்காமல் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார். நான் மெகாகம்மாவைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். படித்த உடனே அந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது.

என் மகள் பத்தாம் வகுப்பு. நோட்டு முழுக்கக் கார் வரைகிறாள். கார் டிசைன் படிக்க வேண்டும் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது. எங்கே படிப்பது, இப்போது என்ன செய்ய வேண்டும்?
— அம்மா ஒருவர், ஈரோடு

ப்ளஸ் டூ எந்தப் பிரிவில் முடித்தாலும் யூசீட் என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுதி மும்பை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இளநிலை வடிவமைப்புப் படிப்பில் சேரலாம். என்.ஐ.டி. எனப்படும் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. வாகன வடிவமைப்பைச் சிறப்பாகப் படிப்பது பெரும்பாலும் முதுநிலையில். காந்திநகர் என்.ஐ.டி. வளாகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யிலும் அதற்கென்றே படிப்பு உண்டு. அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அவசரமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது வேறு. பந்தயக் கார் படத்தைப் பார்த்து வரைவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, தெருவில் நிற்கும் வண்டியை நேரில் பார்த்து வரையச் சொல்லுங்கள். ஆட்டோ, டவுன் பஸ், டாடா ஏஸ், எதுவாக இருந்தாலும் சரி. பக்கவாட்டிலிருந்து மட்டும். முதலில் இரண்டு சக்கரத்தையும் வரைந்துகொள்ளட்டும். அந்தச் சக்கரத்தையே அளவுகோலாக வைத்து, இரண்டுக்கும் நடுவே எத்தனை சக்கரம் அடங்கும், தரையிலிருந்து கூரை வரை எத்தனை சக்கரம் என்று எண்ணட்டும். இன்றைய காரில் நடுவே மூன்று அடங்கும், உயரத்தில் இரண்டு சொச்சம். ஆட்டோவில் எண்ணினால் வேறு கணக்கு வரும். ஏன் வேறு என்று அவளே யோசிக்கட்டும். கூடவே ஒரு கிலோ சாதாக் களிமண் வாங்கிக் கொடுங்கள். வரைந்ததில் ஒன்றை உள்ளங்கை அளவில் செய்து பார்த்தால், தாளில் சரியாகத் தெரிந்த கோடு எங்கே பொய் சொன்னது என்று கை சொல்லிவிடும்.

தனி ஸ்கெட்ச் நோட்டெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பழைய பள்ளி நோட்டின் காலிப் பக்கம் போதும். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தேதியை மட்டும் போடச் சொல்லுங்கள்.